மேசைமேல் ஒரு யானைமலை

பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி, அளவுகோலும் கையுமாகப் போர் ஆடும் விளையாட்டுக்கு எச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே விதிப்புத்தகம் எழுதிவிட்டார். 1764-இல் மதுரைக் கோட்டைக்குள் இருந்து யூசுப் கான் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை எதிர்த்த முற்றுகையை அப்படி ஆட ஆசையா? வீரர்களோடு நிலமும் வேண்டும், முக்கியமாக மதுரை அருகே உள்ள யானைமலை. கொலுவுக்குப் பார்க் கட்டிப் பழகிய வீடுகளுக்கு இது பெரிய வேலையில்லை. ஒரே வித்தியாசம், கொலு மலை பார்ப்பதற்கு. இந்த மலையில் ஆள் ஏறி நிற்க வேண்டும்.

பரவலாகக் கிடைக்கும் 28 மி.மீ. பொம்மைகள் ஏறக்குறைய 1:56 அளவு. அந்தக் கணக்கில் 60 மீட்டர் குன்றே மேசையில் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். எனவே ஒரு சாண் உயரம் போதும். படுத்த யானையின் சாயல் இருந்தால் மதுரைக்காரர் கண்டுகொள்வார்.

தெர்மாகோல் அட்டைகளை ஃபெவிகாலால் அடுக்கி ஒட்டுங்கள். ரப்பர் பசையும் ஸ்ப்ரே பெயின்ட்டும் அதைக் கரைத்துவிடும், கிட்டே கொண்டுவராதீர்கள். பிளேடு புதிதாக இருக்கட்டும். மழுங்கியது மணிமணியாய்ப் பிய்க்கும். பக்கங்கள் எவ்வளவு செங்குத்தானாலும் சரி, முதுகில் மட்டும் தட்டையான இடம் விடுங்கள். பொம்மையை வைத்து மேசையைத் தட்டிப் பாருங்கள், சரியக் கூடாது.

யானைமலை வழவழப்பான மொட்டைப் பாறை. அடுக்குகள் படிக்கட்டாகத் தெரியாமலிருக்க, ஃபெவிகால் தண்ணீரில் நனைத்த செய்தித்தாள் துண்டுகளைப் போர்த்துங்கள். காய்ந்ததும் அடர்பழுப்பு. பிறகு வெளிர்நிறத்தில் தூரிகையைத் தொட்டு, துணியில் துடைத்து, ஈரம் போனபின் மேலோட்டமாகத் தேயுங்கள். மேடுகள் மட்டும் நிறம் பிடிக்கும். மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகளைக் கடைசியில் மேலிருந்து கீழே இழுங்கள். அதை விட்டால் எந்த ஊர் மலையோ ஆகிவிடும்.

மலையைச் சுற்றிப் பனையும் ஒரு கண்மாயும் வைக்கலாம். பனைக்குக் குச்சியும் பச்சைக் காகிதமும் போதும். கண்மாய்க்கு, மண் பொம்மைகளுக்குப் பேர்போன விளாச்சேரியில் ஒரு கைப்பிடி களிமண் வாங்குங்கள். குனிந்த வீரன் மறையும் அளவுக்குக் கரையை உயர்த்துங்கள். உள்ளே, பிளைவுட்டின்மேல் களிமண்ணை மெல்லியதாகப் பூசி வெயிலில் வையுங்கள். பூச்சு எவ்வளவு மெலிதோ, வெடிப்பும் அவ்வளவு பொடி. சித்திரை மாதக் கண்மாய் தானே வந்துவிடும். பெயராமலிருக்க, ஃபெவிகால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.