ஒரே கட்டம், நான்கு திருப்பம்

நடுவில் சிறு சதுரத் துணி, பெரும்பாலும் சிவப்பு. அதன் ஓரத்தில் ஒரு கீற்றுத் துணி, அடுத்த ஓரத்தில் சற்றே நீண்ட இன்னொன்று என்று சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே போனால் ஒட்டுத்துணிப் போர்வையின் ஒரு கட்டம் ஆகிவிடும். இதற்கு அமெரிக்காவில் 'லாக் கேபின்' என்று பெயர். மேற்கே குடியேறியவர்கள் மரங்களை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வீடு அது. கீற்றுகள்தாம் மரங்கள், நடுச் சிவப்பு அடுப்பு நெருப்பு என்பார்கள்.

சூட்சுமம் கீற்றுகளின் நிறத்தில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பக்கங்களுக்கு வெளிர்த் துணி, மற்ற இரண்டுக்கும் அடர்நிறம். கட்டம் மூலைக்கு மூலை வெயில் பாதி, நிழல் பாதி எனப் பிரிந்துவிடுகிறது. இனித் தைக்க வேண்டாம், திருப்பினால் போதும். ஒரு கட்டத்தை நான்கு விதமாக வைக்கலாம்; நான்கு கட்டங்களைச் சேர்த்தால் 256 விதம். ஒருவிதமாக அடுக்கினால் போர்வை முழுக்கச் சாய்ந்த கோடுகள் ஓடும்; அதற்கு 'உழவுசால்' என்று பெயர். இன்னொருவிதமாக அடுக்கினால் வைரத்துக்குள் வைரம். அது 'களஞ்சியம் எழுப்புதல்'. அக்கம்பக்கத்தார் கூடி ஒருவருக்குக் களஞ்சியம் கட்டிக் கொடுக்கும் வழக்கத்தின் பெயர்.

கிழிந்த சட்டை, பழைய பாவாடை என்று பூவும் கட்டமுமாகக் கலந்த துணிகளில் எப்படி இவ்வளவு தெளிவான கோடு தெரிகிறது? உருவங்களின் விளிம்பைப் பிரித்தறிய, நிறத்தைவிட வெளிச்ச வேறுபாட்டைத்தான் கண் அதிகம் நம்புகிறது. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பூவெல்லாம் மறைந்து உழவுசால் மட்டும் நிற்கும்.

போர்வையில் குளிரைத் தடுப்பது துணியல்ல, உள்ளே அசையாமல் சிறைப்பட்ட காற்று. அதைப் பிடித்து வைக்கத்தான் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் பஞ்சு. பஞ்சு நகராமல் இருக்க நெருக்கமான ஓட்டுத் தையல் வேண்டும். இல்லாவிட்டால் பழைய தலையணைபோல் கட்டிதட்டிவிடும்.

லாக் கேபின் என்ற பெயரில் ஒரு முரண். குடியேறுவோரின் மாட்டுவண்டிகள் மேற்கே போகும் சுமார் 3,200 கிலோமீட்டர் நீள ஓரிகன் தடத்தில் பெருங்கூட்டமாகக் கிளம்பியது 1840-களில். லாக் கேபின் வடிவம் பரவலானதோ 1860-களில். 1869-இல் கண்டம் கடக்கும் ரயில் பாதையே வந்துவிட்டது. எனக்கென்னவோ, இது வண்டியில் போனவர்களின் போர்வை என்பதைவிட, அந்த மரவீட்டை நினைத்து ஏங்கியவர்களின் போர்வை என்றே படுகிறது.

1840-களில் ஊரைவிட்டுப் போனவர்கள் சிலருக்கு உறவினரும் தோழிகளும் வேறொன்று தைத்துக் கொடுத்தார்கள்: கட்டத்துக்கு ஒரு பெயராக மையால் எழுதிய போர்வை. இரும்பு கலந்த மை நாளடைவில் பருத்தியை அரித்துவிடும். அந்த மையால் எழுதியவற்றில், சில பெயர்களை இன்று எழுத்து வடிவிலான ஓட்டைகளாகத்தான் படிக்க முடியும்.