ஊட்டி முத்தோரையில் நிற்கும் அரை கிலோமீட்டர் 'கண்ணாடி': ஒளியியல் சங்கங்களின் நாட்டுக் கிளைகளால் என்ன பயன்?

ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கேரட் தோட்டம், உருளைக்கிழங்கு பாத்தி, அதைத் தாண்டி மலைச்சரிவில் வரிசையாக நிற்கும் பிரம்மாண்டமான இரும்புச் சட்டங்கள். முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஏதோ மின்வாரிய வேலை மாதிரித்தான் தெரியும்.

அதுதான் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970-லிருந்து வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு பெரிய கருவி இந்த மலைக்கு எப்படி வந்தது? அரசாணையில் இருந்து இந்தக் கதையைத் தொடங்க முடியாது. இரண்டு விஞ்ஞானிகள் சங்கக் கூட்டங்களில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஒன்று சிட்னியில், இன்னொன்று அமெரிக்காவின் பெர்க்லியில்.

சங்கக் கூட்டம் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, நடுவில் டீ பிரேக். விஞ்ஞானிகள் கூட்டத்திலும் இதெல்லாம் உண்டுதான். ஆனால் அந்த டீ பிரேக்கில் நடக்கும் பேச்சு சில நேரம் ஒரு நாட்டின் அறிவியலையே திருப்பிவிடும்.

ஒளியியல் சங்கங்கள் என்றால் என்ன?

ஒளியை ஆராய்பவர்கள், லென்ஸ், லேசர், ஃபைபர் கேபிள், கேமரா சென்சார் போன்றவற்றில் வேலை செய்பவர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்தும் தொழில்முறை அமைப்புகள் இவை. மூன்று வகையாகப் புரிந்துகொள்ளலாம்.

முதல் வகையில் தனிநபர்கள் உறுப்பினர்கள். 1916-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆப்டிக்கா (2021 வரை அதன் பெயர் ஓ.எஸ்.ஏ.), 1955-ல் தொடங்கிய எஸ்.பி.ஐ.இ. இரண்டும் இந்த வகை. பல நாடுகளின் பல்கலைக்கழகங்களில் இவற்றுக்கு மாணவர் கிளைகள் இருக்கின்றன.

இரண்டாவது வகையில் நாடுகளே உறுப்பினர். 1947-ல் உருவான சர்வதேச ஒளியியல் ஆணையம் அப்படிப்பட்டது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு குழு அங்கே அந்த நாட்டின் சார்பில் பேசும். இந்தியாவும் அதில் உண்டு.

மூன்றாவது, நம் நாட்டுக்கே உரிய சங்கம். இந்திய ஒளியியல் சங்கம் 1965-ல் தொடங்கப்பட்டது. கொல்கத்தா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டது. சொந்தமாக ஆய்விதழ் நடத்துகிறது, வெவ்வேறு ஊர்களில் கருத்தரங்குகளும் நடத்துகிறது.

சரி, இதில் ரேடியோ தொலைநோக்கி எங்கே வந்தது? ரேடியோ அலையும் ஒளியும் ஒரே குடும்பம். இரண்டுமே மின்காந்த அலை. அலைநீளம்தான் வேறு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. ஊட்டி தொலைநோக்கி பிடிக்கும் அலையின் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர்.

அதனால்தான் முத்தோரையில் இருப்பது உண்மையிலேயே ஒரு கண்ணாடி என்று சொல்லலாம். ஆனால் பளபளப்பான பரப்பு கிடையாது. 24 வளைந்த சட்டங்களுக்கு மேல் நெடுக இழுத்துக் கட்டிய சுமார் 1,100 மெல்லிய ஸ்டீல் கம்பிகள், அவ்வளவுதான். கம்பிகளுக்கு நடுவே நம் கண்ணுக்கு இடைவெளி தெரியும். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீள அலைக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை; வழவழப்பான கண்ணாடியில் பட்டதுபோலவே பிரதிபலிக்கும். காற்று மட்டும் கம்பிகளுக்கு நடுவே புகுந்து போய்விடும். மலையில் அடிக்கும் காற்றுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும்.

ஒளி விஞ்ஞானிகளுக்கு ஒளியியல் ஆணையம் போல, ரேடியோ விஞ்ஞானிகளுக்கு 'உர்சி' எனப்படும் சர்வதேச ரேடியோ அறிவியல் ஒன்றியம். 1919-ல் தொடங்கியது. இதிலும் நாட்டுக்கு ஒரு குழு. ஊட்டியின் கதை இந்த உர்சியில்தான் ஆரம்பிக்கிறது.

1952, சிட்னி: வத்திராயிருப்பில் பிறந்தவர் கேட்டுவந்த செய்தி

அந்த ஆண்டு உர்சியின் பொதுக்கூட்டம் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நடந்தது. இந்தியாவிலிருந்து போனவர் கே.எஸ்.கிருஷ்ணன். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்தவர். 1928-ல் சர் சி.வி.ராமனுடன் சேர்ந்து ராமன் விளைவு ஆய்வைச் செய்தவர். ஒளியியலில் இந்தியாவுக்கு நோபல் பரிசு கொண்டுவந்த ஆய்வு அது. ராமன் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கும் அளவுக்குக் கிருஷ்ணன் பெயர் இல்லை என்பது தனிக்கதை.

1952-ல் கிருஷ்ணன் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநர். சிட்னியில் ஆஸ்திரேலியர்கள் ரேடியோ அலைகளை வைத்து சூரியனையும் விண்மீன் மண்டலங்களையும் ஆராய்வதைப் பார்த்தார். உலகப் போரில் ரேடார் செய்து பழகிய கைகள் அவை. கிருஷ்ணனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. டெல்லி திரும்பியதும் ஆய்வகத்தில் இதைப் பற்றிப் பேசினார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கோவிந்த் ஸ்வரூப். உத்தரப் பிரதேசக்காரர், அப்போது வயது 23. அடுத்த ஆண்டே கொழும்புத் திட்ட உதவித்தொகையில் அவர் சிட்னிக்குப் போனார். அங்கே கழற்றி ஒதுக்கவிருந்த 32 சிறிய டிஷ் ஆன்டெனாக்களைப் பார்த்து, இந்தியாவுக்குத் தருவீர்களா என்று கேட்டார். தருகிறோம் என்றார்கள். ஆனால் அவை இங்கே வேலை செய்யத் தொடங்க 10 ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. அதற்குள் ஸ்வரூப் அமெரிக்கா போய் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார்.

1961, பெர்க்லி: நான்கு பேர் எழுதிய கடிதம்

1961 ஆகஸ்டில் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பொதுக்கூட்டம் பெர்க்லியில் நடந்தது. வெளிநாடுகளில் வேலை பார்த்த நான்கு இந்திய ரேடியோ வானியலாளர்கள் அங்கே சந்தித்துக்கொண்டார்கள். ஸ்வரூப், டி.கே.மேனன், எம்.ஆர்.குண்டு, டி.கிருஷ்ணன். தனித்தனியாக வெவ்வேறு ஊரில் இருந்தவர்களை ஒரே இடத்தில் சேர்த்தது அந்த மாநாடுதான்.

நாம் எல்லாரும் ஊர் திரும்பினால் என்ன என்று பேச்சு வந்தது. செப்டம்பரில் இந்தியாவின் முக்கிய அறிவியல் அமைப்புகளுக்குக் கடிதம் எழுதினார்கள்: நாங்கள் வருகிறோம், ரேடியோ வானியலுக்கு ஒரு குழு அமையுங்கள்.

1962 ஜனவரியில் டாடா அடிப்படை ஆய்வுக் கழகத்தின் ஹோமி பாபாவிடமிருந்து தந்தி வந்தது. குழு அமைக்க முடிவாகிவிட்டது, விவரம் கடிதத்தில் என்பது அதன் சாரம். சிட்னியிலிருந்து இந்தச் செய்தியை முதலில் கொண்டுவந்த கே.எஸ்.கிருஷ்ணன் இதைப் பார்க்கவில்லை. 1961 ஜூனிலேயே அவர் காலமாகிவிட்டார்.

1963 மார்ச்சில் ஸ்வரூப் இந்தியா திரும்பினார். ஆஸ்திரேலியா கொடுத்த அந்த 32 டிஷ்கள் 1965-ல் மும்பை அருகே கல்யாணில் சூரியனைப் பார்க்கத் தொடங்கின. அடுத்த இலக்கு இன்னும் பெரிது.

ஏன் ஊட்டி?

குளிர், இயற்கை, அமைதி என்று நினைத்தால் தப்பு. காரணம் மலைச்சரிவின் கோணம்.

வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடர வேண்டுமென்றால், பூமி சுற்றுவதற்கு ஈடாகத் தொலைநோக்கியும் திரும்ப வேண்டும். தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தால் வேலை சுலபம். ஒரே அச்சில் மெதுவாக உருட்டினால் போதும். ஊட்டி சுமார் 11 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. எனவே வடக்கு தெற்காக, சரியாக 11 டிகிரி சாய்ந்த சரிவு வேண்டும். தென்னிந்திய மலைகளில் தேடியபோது முத்தோரையில் அப்படி ஒரு சரிவு அமைந்தது. மலையே தொலைநோக்கிக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிட்டது.

இதே யோசனையை லண்டனிலோ டெல்லியிலோ செய்ய முடியாது. அங்கே அட்சரேகை அதிகம், அவ்வளவு செங்குத்தான சரிவில் அரை கிலோமீட்டர் இரும்பைக் கட்ட வேண்டியிருக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் இங்கே நம் அதிர்ஷ்டம். இந்த ஏற்பாட்டால் ஒரு பொருளைத் தொடர்ந்து சுமார் ஒன்பதரை மணி நேரம் பார்க்கலாம்.

தொலைநோக்கி உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்டுக் கட்டப்பட்டது. 1970 பிப்ரவரியில் முதல் அவதானிப்பு. நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தையும் அது மீண்டும் வெளிப்படும் கணத்தையும் அளந்து, அந்த மூலத்தின் இடத்தையும் அளவையும் கண்டுபிடிக்கும் உத்தி அது. இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொலைதூர மூலங்களின் விவரம் கிடைத்தது.

அந்தக் காலத்தில் பிரபஞ்சம் பெருவெடிப்பில் பிறந்ததா, இல்லை எப்போதும் இப்படியே மாறாமல் இருக்கிறதா என்று பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. ஊட்டி தரவுகளை வைத்து ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975-ல் வெளியிட்ட முடிவுகள், பிரபஞ்சம் காலப்போக்கில் மாறிவந்திருக்கிறது என்ற பக்கத்துக்கு வலு சேர்த்தன. இன்று சூரியனிலிருந்து கிளம்பும் சூரியக்காற்றைக் கண்காணிக்கவும் இதே தொலைநோக்கி பயன்படுகிறது. ஸ்வரூப் 2020 செப்டம்பரில் காலமானார்.

அமைதியைக் காப்பதும் சங்கத்தின் வேலை

கூட்டம் போட்டுப் பேசுவதோடு இந்த அமைப்புகளின் வேலை முடிவதில்லை. வெளியே தெரியாத ஒரு வேலை இருக்கிறது, ஊட்டிக்கு அதுதான் உயிர்நாடி.

விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ சிக்னல் மிக மிக பலவீனமானது. அதே அதிர்வெண்ணில் பக்கத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டர் ஓடினால் கதை முடிந்தது. டிவி, வாக்கி டாக்கி, செயற்கைக்கோள், செல்போன் என எல்லாருக்கும் அலைவரிசை வேண்டும். கோடிக்கணக்கில் ஏலம் போகும் பொருள் அது. அந்தச் சண்டையில் வானியலாளர்கள் பக்கம் யார் பேசுவது?

1959-ல்தான் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ரேடியோ வானியலையும் அலைவரிசை கேட்கத் தகுதியான சேவையாக முதலில் ஏற்றது. 1960-ல் உர்சியும் வானியல் ஒன்றியமும் விண்வெளி ஆய்வுக்குழுவும் சேர்ந்து, இந்த அலைவரிசைகளைக் காப்பதற்கென்றே ஒரு குழு அமைத்தன. இன்றும் அது செயல்படுகிறது.

322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை உலக அளவில் ரேடியோ வானியலுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஊட்டி தொலைநோக்கி வேலை செய்வது 326.5 மெகாஹெர்ட்ஸில். அந்தப் பட்டைக்குள்ளேயேதான்.

ஆனால் காகிதத்தில் ஒதுக்குவது வேறு, மலையில் அமைதி இருப்பது வேறு. நம் போன் அந்த அதிர்வெண்ணில் பேசுவதில்லை என்றாலும், மின்சாதனங்களில் இருந்து கசியும் இரைச்சல், மின்கம்பியில் ஏற்படும் பொறி எல்லாம் தொலைநோக்கிக்குத் தொல்லைதான். சுற்றுலா வளர வளர இந்தப் பிரச்சினையும் வளரும்.

நீலகிரி மாணவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

குன்னூரிலிருந்தோ கூடலூரிலிருந்தோ பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய் இயற்பியல் படிக்கும் ஒரு மாணவிக்கு இந்தச் சங்கங்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா?

வழி இருக்கிறது. கல்லூரியில் சில மாணவர்கள் உறுப்பினராகி, ஒரு பேராசிரியர் ஆலோசகராக வந்தால் ஆப்டிக்கா, எஸ்.பி.ஐ.இ. அமைப்புகளிடம் மாணவர் கிளைக்கு விண்ணப்பிக்கலாம். கிளை அமைந்தால் வெளிநாட்டு, உள்நாட்டு நிபுணர்களைச் சொற்பொழிவுக்கு அழைக்கவும், பள்ளிக் குழந்தைகளுக்கு லேசர், லென்ஸ் வைத்து செய்முறை காட்டவும் உதவி கேட்கலாம். ஆராய்ச்சி மாணவர்களுக்கு இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரில் ஒளியியல் குளிர்கால வகுப்பு நடக்கிறது. வளரும் நாடுகளின் விஞ்ஞானிகளை மனதில் வைத்து உருவான மையம் நடத்துவது. ஆண்டுதோறும் மே 16-ல் யுனெஸ்கோவின் சர்வதேச ஒளி தினம் வருகிறது. 1960-ல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டிய நாள் அது. அன்றைக்கு நிகழ்ச்சி நடத்த எந்தப் பள்ளிக்கும் தடையில்லை.

குறையும் சொல்ல வேண்டும். மாணவர் கிளைகள் பெரும்பாலும் ஐ.ஐ.டி. போன்ற பெரிய நிறுவனங்களில்தான் இருக்கின்றன. தொடர்பு மொழி ஆங்கிலம், கட்டணம் டாலரில். அரசு கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. 1952-ல் கிருஷ்ணன் சிட்னியில் பார்த்ததை வந்து சொல்ல டெல்லியில் ஓர் ஆய்வகமும், அதைக் கேட்க ஓர் இளைஞரும் இருந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த தொலைநோக்கி முத்தோரையில் நிற்கிறது. அதைத் தினமும் பஸ் ஜன்னலில் பார்த்தபடி போகும் மாணவர்களிடம் யார் வந்து சொல்வது என்பதற்கு மட்டும் இன்னும் சரியான ஏற்பாடு இல்லை.