மேலுறை சொல்லும் வாக்கு

விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டையை அடுத்த தாயில்பட்டியில், அலுமினியத் தூள் படிந்த விரல்களோடு பகலெல்லாம் உழைத்து மாலையில் வீடு திரும்பும் பட்டாசுத் தொழிலாளியின் கைவேலை எந்த ஊர்க் குழந்தையின் கைக்குப் போய்ச் சேருமென்று அவரும் அறியார். அதைச் செய்தவர் யாரென்று அந்தக் குழந்தையும் அறியாது. இருவருக்கும் நடுவே சாட்சியாக நிற்பது பெட்டியின்மேல் ஒட்டிய லேபிள் ஒன்றுதான். அரிசியை அள்ளிப் பார்க்கலாம், துணியைத் தடவிப் பார்க்கலாம். பட்டாசைப் பிரித்து மருந்தைச் சோதித்து வாங்க யாராலும் முடியாது. ஆகையால் இந்த வியாபாரத்தின் மூலதனம் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் திருடுவதையே சட்டம் நியாயமற்ற வாணிபம் என்கிறது.

பக்கத்திலுள்ள சிவகாசிக்கு இவ்விஷயம் புதிதன்று. நூறாண்டுகளுக்கு முன் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாளிலிருந்து, தொழிலோடு அச்சகமும் கூடவே வளர்ந்தது. எழுத்தறியாத ஜனங்கள் படத்தைச் சொல்லியே தீப்பெட்டி கேட்டார்கள். அப்படிப் பிரசித்தி பெற்ற படத்தைச் சற்றே மாற்றி, நிறத்தையும் அமைப்பையும் அப்படியே வைத்துப் பிறனுடைய நற்பெயரில் தன் சரக்கை விற்பவன், ஒரே செயலால் இருவரை வஞ்சிக்கிறான்: உழைத்துப் பெயர் சம்பாதித்தவனை ஒருபுறம், அப்பெயரை நம்பிக் காசு கொடுத்தவனை மறுபுறம்.

இதற்கு அளவுகோல் எது என்பதை 1972-இல் பார்லே பிஸ்கட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஓர் உறையில் பண்ணை முற்றத்து நடுவே ஒரு சிறுமி, சுற்றிலும் பசுக்களும் கோழிகளும். மற்றோர் உறையிலும் சிறுமி, பசுக்கள், கோழிகள். வேறுபாடுகளை எண்ணிக் காட்டுவது எளிது. ஆனால் கடைக்கு வருகிறவர் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில்லை, முன்பு கண்டதன் நினைவை மட்டுமே சுமந்து வருகிறார், அந்த நினைவு ஏமாறுமா என்பதே கேள்வி என்று நீதிமன்றம் கூறிப் பார்லேக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம், பிறர் பெயரில் சரக்கு விற்பதற்கு எதிரான பரிகாரத்தைப் பதிவு செய்யாத குறிக்கும் காத்து வைத்திருப்பதோடு, பொய்க்குறி இடுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கிறது.

ஆனால் பட்டாசில் பொய் லேபிள் பண நஷ்டத்தோடு நிற்பதில்லை. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்து, தொழிலாளர் பச்சை உப்பு என்று அழைக்கும் பேரியம் நைட்ரேட் உள்ளிட்ட பேரியம் உப்புகளையும், சரவெடியையும் தடுத்தது. நாகப்பூரிலுள்ள நீரி சுற்றுச்சூழல் ஆய்வகம் புதிய கலவைகளை வகுத்தது. உண்மைச் சரக்கை அடையாளம் காட்டப் பசுமை முத்திரையும் க்யூஆர் குறியீடும் வந்தன. நேர்மையான உற்பத்தியாளர் கலவையை மாற்றிச் செலவையும் தாமதத்தையும் ஏற்றுக்கொண்ட அதே வேளையில், பழைய மருந்தையே அடைத்து மேலே பசுமை என்று அச்சிட்டவர்களும் இருந்தார்கள். மத்தியப் புலனாய்வுத் துறையின் சென்னைப் பிரிவு நடத்திய விசாரணை அந்த முறைகேடுகளைக் காட்டியது. 2021 அக்டோபர் 29-இல், பசுமைப் பட்டாசு என்ற போர்வையில் தடைப்பட்ட சரக்கு விற்கப்படலாகாது என்று நீதிமன்றம் கண்டிப்பாக உரைத்தது.

இன்னொரு வஞ்சனை பழக்கத்தால் குற்றமாகவே தோன்றாமற் போயிற்று. கிஃப்ட் பாக்ஸின் மேல் ஆயிரம் ரூபாய் என்று விலை அச்சிட்டு, எண்பது சதவீதத் தள்ளுபடி என்று பெரிய எழுத்தில் பலகை வைத்து, இருநூறு ரூபாய்க்கு விற்கிறார்கள்; அச்சரக்கு ஒரு நாளும் ஆயிரத்துக்கு விற்றதில்லையானால், அந்த ஆயிரம் விலையன்று, வெறும் மை. வழக்கமாக விற்கும் விலையைப் பற்றி வாங்குவோரை மயக்குவதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறையென்றே வகுக்கிறது. பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரையிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதிக்கலாம். இந்த மாயத் தள்ளுபடியின் நடுவே, நியாய விலையை அச்சிட்டவனுடைய சரக்கே விலை கூடியதாகத் தோன்றுகிறது; நேர்மை தண்டனையாக மாறும் இந்நிலையே நியாயமற்ற போட்டியின் மிகக் கொடிய விளைவு.

மலிவு எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு நடுங்கும். உரிமம் பெற்ற ஆலையில் ஓர் அறைக்கு இத்தனை பேர், அறைக்கும் அறைக்கும் இத்தனை இடைவெளி, இவ்வளவுதான் மருந்து என்று விதிகள் உண்டு. ஒவ்வொரு விதிக்கும் ஒரு செலவு உண்டு. உள்குத்தகைக்கு விட்ட ஷெட்டிலும், குடியிருக்கும் வீட்டிலும் பட்டாசுக்கான கருந்திரி சுற்றுகிறவர்களுக்கு அச்செலவு மிச்சமாகிறது. அந்த மிச்சமே சந்தையில் மலிவாக விற்கிறது. 2021-இல் தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் நிகழ்ந்த வெடிவிபத்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. அத்தகைய சரக்குக்கும் பளபளக்கும் லேபிள் ஒட்ட முடியும் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகையால் வாங்குகிறவர் செய்யத்தக்கது சிறிதே ஆயினும் அற்பமன்று. உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும் பெட்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் சோதிப்பதும், பில் கேட்டுப் பெறுவதும், தள்ளுபடியை விட்டுவிட்டுக் கொடுக்கும் தொகையைப் பிற கடைகளோடு ஒப்பிடுவதும் ஐந்து நிமிஷ வேலை. உற்பத்தியாளர்களும் தங்களுள் ஒருவர் போலி முத்திரை இட்டால், நம்மவர் என்று மூடிவைக்காமல் அதிகாரிகளிடம் சொல்லும் துணிவு பெறவேண்டும். ஒருவருடைய பொய், ஊர் முழுவதன் பெயரையும் கெடுக்கும். தாயில்பட்டித் தொழிலாளி விதிப்படி உருட்டிய ஒவ்வொரு குழாய்க்கும் மேலே மெய்யான லேபிள் ஒன்றே போதிய மரியாதை. அதைக் கொடுக்கும் கடமை விற்பவருக்கும் உண்டு, கேட்டு வாங்கும் கடமை நமக்கும் உண்டு.