கணக்கு கிணற்றடியோடு முடிந்துவிடுமா?

திராட்சை விற்பது ஆகுமான வியாபாரம். வாங்குபவர் அதைப் பிழிந்து மதுவாக்குவார் என உறுதியாகத் தெரிந்தும் விற்கலாமா? ஃபிக்ஹ் நூல்களில் இமாம்கள் ஆய்ந்த வினா இது. ஷாஃபிஈ, ஹன்பலீ அறிஞர்கள் கூடாது என்றனர். இமாம் அபூஹனீஃபா அவர்களோ, பாவம் மது காய்ச்சுபவனையே சாரும் என்று கருதினார்கள். ஏறத்தாழ இதே வினா, எண்ணெயின் உருவில், பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது.

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், ஹார்லி நகருக்கருகே ஹார்ஸ் ஹில் என்னுமிடத்தில் எண்ணெய்க் கிணறுகளை விரிவுபடுத்த 2019 செப்டம்பரில் மாவட்ட மன்றம் அனுமதி வழங்கிற்று. அதற்குமுன் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு தயாரிக்க வேண்டுமென்பது சட்டம். தயாரித்தார்கள். கிணற்றடியில் வெளிப்படும் பசுமைக்குடில் வாயுக்கள் சுமார் 1,40,000 டன் என்று அதில் கண்டிருந்தது. எடுத்த எண்ணெய் எரியும்போது வெளிப்படுவதோ 1 கோடி டன்னுக்கும் அதிகம்! எழுபது மடங்கு பெரிதான அத்தொகை ஏட்டில் ஏறவேயில்லை.

சாரா ஃபின்ச் என்ற பெண்மணி வழக்குத் தொடுத்தார். 2020இலும் தோல்வி, 2022இலும் தோல்வி. அவர் சளைக்கவில்லை. 2024 ஜூன் 20 அன்று, ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம் நின்றனர். எடுக்கப்படும் எண்ணெய் எரிக்கப்படும் என்பது ஐயத்திற்கிடமற்றது. ஆகவே அந்தப் புகையும் திட்டத்தின் விளைவே என எழுதினார் லெகட் பிரபு. எண்ணெய் எடுக்கவே கூடாதென அவர்கள் தீர்க்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். முடிவெடுக்குமுன் முழுக் கணக்கையும் மக்கள் முன் வையுங்கள் என்றனர், அவ்வளவே. கணக்கை மறைத்துப் பெறும் சம்மதம் என்ன சம்மதம்?

வளைகுடா எண்ணெயின் ஊதியத்தால் உலை கொதிக்கும் இல்லங்கள் நம்மில் ஏராளம். இதை அயலார் வழக்கென்று நாம் எப்படித் தள்ளிவிட முடியும்?

அத்தீர்ப்பின் வழியில், 2024 செப்டம்பரில் கம்ப்ரியா நிலக்கரிச் சுரங்கத்தின் அனுமதி ரத்தாயிற்று. 2025 ஜனவரியில் ரோஸ்பேங்க், ஜாக்டா என்னும் கடல் திட்டங்களின் அனுமதிகளும் சட்டத்துக்குப் புறம்பானவை என ஸ்காட்லாந்து நீதிமன்றம் கூறிற்று.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறு பாதையில் சென்றது. யூட்டா மாநிலத்தின் கச்சா எண்ணெயை ஏற்றிச் செல்ல 88 மைல் ரயில் பாதை அமைக்கும் திட்டத்தில், எண்ணெய் தோண்டுவதாலும் சுத்திகரிப்பதாலும் நேரும் பாதிப்புகளை ரயில்துறை வாரியம் ஆராய வேண்டியதில்லை என 2025 மே மாதத்தில் அது தீர்ப்பளித்தது. அங்கே வண்டிக்காரன் கணக்கிலிருந்து விடுவிக்கப்பட்டான்.