பரவை முனியம்மா

மதுரையை ஒட்டிய பரவை கிராமத்துக்காரர். கோயில் திருவிழா மேடைகளில் விடிய விடிய தெம்மாங்கு பாடிப் பேர் வாங்கியவர். ஊருக்குத் தெரிந்த அந்தக் குரலை, 2003-ல் வந்த ‘தூள்’ படம் தமிழகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. விக்ரம் ரவுடிகளைப் புரட்டியெடுக்க, நெற்றியில் பெரிய பொட்டும் கண்டாங்கிச் சேலையுமாக இந்தப் பாட்டி கணீரென்று பாடுவார். தியேட்டரில் பறந்த விசிலில் பாதி அவருக்குத்தான். சினிமாவுக்கு வந்தும் வயக்காட்டு வாசம் போகாத குரல். பின்னாளில் கலைமாமணி விருதும் வந்தது.

2020 மார்ச் 29-ல் மறைந்தார். கொரோனா ஊரடங்கு நேரம் என்பதால் ரசிகர்கள் திரண்டுவந்து வழியனுப்ப முடியாமல் போனது பெரும் குறை.

உங்கள் ஊரிலும் இப்படியொரு பாட்டுக்கார அம்மா இருப்பார். அவர் பாட்டை இப்போதே பதிவு செய்து வையுங்கள்.