களை விதையும் குடும்ப வியாதியும்

ஒரு குடும்பத்தில் தகப்பனுக்கு வந்த வியாதி மகனுக்கும் வருமாயின், அது இரத்தத்தோடு வந்ததென்று சொல்லிவிடுவது எங்கும் உள்ள வழக்கம். ஆனால் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து அடைவது இரத்தத்தை மட்டுமன்று. வீட்டையும், கிணற்றையும், நிலத்தையும், அடுப்பில் வேகும் ஆகாரத்தையும், பெரியோர் கைக்கொண்ட பழக்கங்களையும் சேர்த்தே அடைகிறார்கள். இவற்றுள் எது நோயை விளைவித்தது என்று பகுத்தறிவது சுலபமன்று. ஐரோப்பாவின் தென்கிழக்கே, டான்யூப் நதியின் உபநதிகளை அடுத்த கோதுமைக் கிராமங்களில் இக்கேள்விக்கு விடை காண ஏறக்குறைய 50 வருஷங்கள் சென்றன. விடை ஒரு களைச்செடியில் இருந்தமையால், அதன் வரலாறு விவசாயிகள் யாவரும் அறிந்துகொள்ளத்தக்கது.

பால்கன் கிராமங்களின் வியாதி

பல்கேரியா, ருமேனியா, செர்பியா, பாஸ்னியா, குரோஷியா ஆகிய நாடுகளில் சில குறிப்பிட்ட கிராமங்களில் மட்டும் ஒரு விநோதமான சிறுநீரக வியாதி காணப்பட்டது. 1956-ம் வருஷத்தில் பல்கேரிய வைத்தியர்கள் அதனை விவரித்து வெளியிட்டனர். நடுவயதைத் தாண்டிய குடியானவர்களுக்கு, வலியும் வீக்கமும் இன்றியே, குண்டிக்காய்கள் வருஷக்கணக்காகச் சுருங்கிக்கொண்டே வந்தன. உடல் வெளிறிச் சோகை கண்டது. இறுதியில் சிறுநீரகம் முற்றும் செயலற்றுப்போயிற்று. இவ்வளவோடும் நிற்கவில்லை. இந்நோயாளிகளில் அநேகருக்குச் சிறுநீரகத்தின் உட்குழியிலும், அதிலிருந்து நீர்ப்பைக்குச் செல்லும் குழாயிலும் புற்றுநோய் உண்டாயிற்று. மற்ற இடங்களில் இவ்விடத்துப் புற்று மிக அரிது.

வியாதி பரவியிருந்த விதமே பெரிய புதிராக இருந்தது. ஒரு கிராமத்தில் வீட்டுக்கு வீடு நோயாளிகள் இருக்க, சற்றுத் தூரத்திலுள்ள அடுத்த கிராமத்தில் ஒருவரும் இல்லை. நோய் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. ஆகவே இது பிதிரார்ஜிதமான வியாதி என்று பலர் கருதினர். ஆனால் இரண்டு விஷயங்கள் இக்கருத்துக்கு இசையவில்லை. வேற்றிடத்திலிருந்து வந்து அக்கிராமங்களில் குடியேறியவர்களுக்கும், 15 அல்லது 20 வருஷங்கள் அங்கு வாழ்ந்தபின் அதே வியாதி கண்டது. அன்றியும் நோய் கண்டவர் ஏறக்குறைய எல்லோரும் உழுது பயிரிடுவோராகவே இருந்தனர்.

இவற்றைக் கண்டு, கிணற்று நீரைக் குற்றம் சொன்னவர் உண்டு. மண்ணிலுள்ள உலோகங்களையும், மாவு அரைக்கும் ஏந்திரங்களில் சேர்ந்த ஈயத்தையும், தானியத்தில் படரும் பூஞ்சணத்தையும் சந்தேகித்தவரும் உண்டு. ஒவ்வொன்றும் ஆராயப்பட்டது; ஒன்றும் முற்றிலும் பொருந்தவில்லை.

கோதுமையில் கலந்தது என்ன?

1969-ம் வருஷத்தில் இவிச் என்னும் ஆராய்ச்சியாளர் வேறொரு பொருளைச் சுட்டிக்காட்டினார். அக்கிராமத்து வயல்களில் அரிஸ்டோலோக்கியா கிளெமடைடிஸ் என்னும் களை மண்டிக் கிடந்தது. அதன் விதைகள் கோதுமையோடு சேர்ந்து அறுவடையாகி, மாவிலும் அரைபட்டு, வீட்டு ரொட்டியில் கலந்துவிடுகின்றன என்று அவர் கூறினார். மிருகங்களுக்கு அவ்விதையை ஊட்டிச் சிறுநீரகம் கெடுவதையும் காட்டினார். எனினும் அவருடைய கருத்து வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

அதனை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது வயலன்று, நகரம். 1990-ம் வருஷத்தை அடுத்து, பெல்ஜிய நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மாத்திரைகளை உட்கொண்ட பெண்களின் சிறுநீரகங்கள் விரைவில் பழுதாயின. மாத்திரையில் சேர வேண்டிய மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி ஒன்று தவறுதலாகச் சேர்ந்திருந்தது. இவ்விவரம் 1993-ல் வெளியாயிற்று. அப்பெண்களின் சிறுநீரகங்கள் பால்கன் குடியானவர்களுடையவற்றைப் பெரிதும் ஒத்திருந்தன. அவர்களுள் 39 பேருக்கு, முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகங்களை அகற்றிச் சோதித்தபோது, 18 பேரிடத்தில் புற்று இருந்தது என 2000-ம் வருஷத்தில் தெரிவிக்கப்பட்டது.

இதன்மேல் அமெரிக்க விஞ்ஞானியான ஆர்தர் கிரால்மனும் குரோஷிய வைத்தியர்களும் பால்கன் நோயாளிகளை ஆராய்ந்து, 2007-ல் முடிவு கண்டனர். இச்செடியிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத் திசுக்களின் மரபணுக்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது. புற்றுக்கட்டிகளில், உயிரணுக்களின் பெருக்கத்தை அடக்கியாளும் மரபணுவின் எழுத்துக்கள், இவ்வமிலத்துக்கே உரிய ஒரு விதமாக மாறியிருந்தன. காலடித் தடத்தைக் கொண்டு பயிரை மேய்ந்த மாட்டை அறிவதுபோல, மாறிய எழுத்தைக் கொண்டு மாற்றிய விஷத்தை அறிந்தனர். குடும்பங்களைத் தொடர்ந்தது இரத்தமன்று. ஒரே வயலின் கோதுமையும் ஒரே அடுப்பின் ரொட்டியுமே.

பரம்பரைக்குப் பங்கு இல்லையா?

உண்டு. ஒரே ரொட்டியைத் தின்றவர்களில் சிறு பகுதியினரே நோயுற்றனர். விஷத்தை உடலில் மாற்றுகின்ற நொதிகளின் வேகம் மனிதருக்கு மனிதர் வேறுபடும். அவ்வேற்றுமை பெற்றோரிடமிருந்து வருவது. குலைநோய் பரவும் பருவத்தில், ஒரே வரப்பின் இருபுறத்திலும் உள்ள இரண்டு நெல் இரகங்களில் ஒன்று கருகுவதும் மற்றொன்று தாங்குவதும் நாம் கண்டதே. ஆனால் குலைநோய்க் கிருமி வயலில் விழாவிடில், தாங்காத இரகமும் நன்றாகவே விளையும் என்பதை மறக்கலாகாது.

நம் நாட்டினருக்கு இன்னும் நெருங்கிய விஷயம் நீர்ப்பைப் புற்றுநோய். சிறுநீரகத்தின் உட்குழி முதல் நீர்ப்பை வரை உள்ளது ஒரே வகையான உட்சவ்வு. இச்சவ்வைக் கெடுப்பனவற்றுள் முதன்மையானது புகையிலைப் புகை. அப்புகையில் சாயத் தொழிற்சாலைகளில் கண்ட அதே இனத்து இரசாயனங்கள் உள்ளன. அவ்வினப் பொருள்களின் கெடுதலை 1895-ம் வருஷத்திலேயே ஜெர்மானிய வைத்தியர் லூத்விக் ரேன், சாயத் தொழிலாளரின் நீர்ப்பைக் கட்டிகளிலிருந்து ஊகித்தார். புகையோடு உட்சென்ற விஷம் இரத்தத்தில் கலந்து, சிறுநீராக வடிந்து, நீர்ப்பையில் மணிக்கணக்காகத் தங்குகிறது. புகை படுவது நெஞ்சில். விஷம் தேங்குவதோ அடிவயிற்றில்.

இவ்விஷத்தை ஈரல் முறித்து வெளியேற்றும் வேகம் எல்லோருக்கும் ஒன்றன்று. விரைவாக முறிப்போர் ஒரு சாரார், மெதுவாக முறிப்போர் ஒரு சாரார். இப்பகுப்பை நம் சென்னையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 1956-ல் அங்கு ஏற்பட்ட காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார், ஐசோனியசிட் என்னும் மருந்தைக் கொண்டு சோதித்து, தென்னிந்திய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மெதுவாக மாற்றுவோர் எனக் கண்டனர். அம்மருந்தை மாற்றும் நொதியே புகையின் விஷத்தையும் மாற்றுவது. மெதுவாக மாற்றுவோருக்கு நீர்ப்பைப் புற்று வரும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு அதிகம் என்று 2005-ல் ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சி தெரிவித்தது. ஆனால் புகைப்பவர்களுக்கு, புகையாதவரைவிட வாய்ப்பு சுமார் 4 மடங்கு என்று 2011-ல் அமெரிக்காவில் கணக்கிட்டனர். இரண்டையும் சீர்தூக்கினால், பரம்பரை இழைப்பதினும் பழக்கம் இழைக்கும் கெடுதி பெரிது என்பது விளங்கும்.

2013-ல் வெளியான இன்னொரு கணக்கு இதனைத் தெளிவாக்குகிறது. 50 வயதுள்ள அமெரிக்க ஆண்களை, மரபணுக்களின் நன்மை தீமைக்கு ஏற்ப நான்கு பிரிவாக்கினர். புகைக்கும் பழக்கமுடையவரில், மிகத் தீய மரபணுக்கள் உள்ள பிரிவினரில் நூற்றுக்கு 9.9 பேருக்கு அடுத்த 30 வருஷங்களுக்குள் நீர்ப்பைப் புற்று வரக்கூடும்; மிக நல்ல மரபணுக்கள் உள்ள பிரிவினரில் 2.9 பேருக்கு. புகையிலையை முற்றும் நீக்கினால், தீய பிரிவைச் சேர்ந்த 1 லட்சம் பேரில் 8,200 பேர் தப்புவர். அஃதாவது, அவர்களுக்கு எஞ்சும் ஆபத்து நூற்றுக்கு 1.7 அளவே. தீய மரபணுவோடு பிறந்து புகைக்காதவன், நல்ல மரபணுவோடு பிறந்து புகைப்பவனைவிடப் பத்திரமாயிருக்கிறான். "எங்கள் தாத்தா 90 வயது வரை சுருட்டுக் குடித்தார்" என்று ஆறுதல் கொள்வோரும், "எங்கள் குடும்பத்தில் இது விதி" என்று சோர்வோரும் இக்கணக்கைக் கவனிப்பார்களாக.

நாம் செய்யத்தக்கவை

பால்கன் களையின் இனத்தவை நம் நிலங்களிலும் உண்டு. கரிசல் காடுகளில் பருத்திக்கும் சோளத்துக்கும் இடையே படரும் ஆடுதீண்டாப்பாளையும், வேலிகளில் ஏறும் ஈசுவரமூலியும் அதே குலத்தைச் சேர்ந்தவை. அதே அமிலத்தை உடையவை. ஆடு தீண்டாது என்பதை நம் முன்னோர் பெயரிலேயே எழுதிவைத்தனர். ஆகையால்:

முதலாவது, இக்களை கண்ட நிலத்தில் காய் முற்றுமுன் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். விதைக்கும் உணவுக்கும் எடுக்கும் தானியத்தை நன்றாகத் தூற்றிச் சலித்து, வேற்று விதைகளை நீக்கவேண்டும்.

இரண்டாவது, இச்செடிகளைக் கஷாயமாகவோ சூரணமாகவோ உள்ளுக்குச் சாப்பிடலாகாது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்து மூலிகை மருந்துகளை, மனிதருக்குப் புற்று விளைவிப்பவை என 2002-ம் வருஷத்தில் தீர்மானித்திருக்கிறது. உட்கொண்ட உடனே ஒரு தீங்கும் தோன்றாமையால் அது தீங்கற்றது என்று எண்ணுதல் தவறு. இவ்விஷம் வேலை செய்வது வருஷக்கணக்கில்.

மூன்றாவது, பீடி, சுருட்டு, சிகரெட்டு ஆகியவற்றை விட்டுவிடவேண்டும். விட்டவருக்கு ஆபத்து வருஷந்தோறும் குறைந்து வருகிறது. நாளாயிற்றே என்று தயங்க வேண்டுவதில்லை.

நான்காவது, சிறுநீரில் இரத்தம் கண்டால், வலி இல்லாவிடினும், ஒரே முறை கண்டு நின்றுவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். வெயிலில் உழைப்போர் இதனை உஷ்ணம் என்று கருதி, இளநீர் குடித்துக் காலங்கடத்துவது வழக்கம். நீர்ப்பைப் புற்றின் முதற்குறி பெரும்பாலும் வலியற்ற இரத்தமே. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் வயிற்றைக் கீறாமலே, சிறுநீர் வழியாகக் கருவி செலுத்திக் கட்டியை அகற்றிவிடலாம். தாமதித்தால் நீர்ப்பையையே எடுக்க நேரும்.

நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் இவ்விஷயங்களைத் தம்மிடம் வேலை செய்வோருக்கும் அண்டை அயலாருக்கும் எடுத்துச்சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஒரு கிராமத்தில் ஒரே விதமான வியாதி பல வீடுகளில் தொடர்ந்து காணுமாயின், அதனைக் குலத்தின் மேலும் விதியின் மேலும் சுமத்தாமல், ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியருக்குத் தெரிவிக்கவேண்டும். பால்கன் குடியானவர்கள் தங்கள் வியாதியின் காரணத்தை அறியாமலே இரண்டு தலைமுறைகளை இழந்தனர். அக்காரணம் அவர்கள் வயலிலேயே, கண்ணுக்கு எட்டிய இடத்தில், பூத்துக் காய்த்து நின்றுகொண்டிருந்தது.