தேவையை அறிந்தவர் யார்?

வறுமை என்றதும் குறைந்த வருமானமே பலரின் நினைவுக்கு வரும். ஆயினும், ஒரே அளவு வருமானம் பெறும் இரு குடும்பங்களின் சிக்கல்கள் வெவ்வேறாக இருக்கலாம். மின்தூக்கி பழுதடைந்தால் முதியவர் வீட்டிலேயே முடங்குவார். விளையாட இடமில்லையேல் சிறுவர் ஏங்குவர். இவற்றை வருமானக் கணக்கு மட்டும் காட்டாது.

இதனை அறிய, 2012ஆம் ஆண்டில் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் நகராண்மைக் கழகத்துடன் இணைந்து ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. ஜார்ஜ்டவுனில், குறைந்த வருமானம் பெறுவோர் வாழும் ஜாலான் சுங்கை அடுக்குமாடிக் குடியிருப்பு அதில் இடம்பெற்றது. முதலில் குடியிருப்பாளர்களைப் பற்றிய தகவல்கள் திரட்டப்பட்டன. பின்னர், ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர் எனத் தனித்தனிக் குழுக்களாகக் கலந்துரையாடினர். பொதுக்கூட்டத்தில் பேசத் தயங்குவோரும் கருத்துரைக்க இம்முறை வழிவிட்டது. இறுதியில், முதன்மைத் தேவை எதுவென வாக்களித்தனர். குடியிருப்பின் தூய்மைக்கே அவர்கள் முன்னுரிமை அளித்தனர்.

உதவித்தொகை சில நாள் செலவுக்குக் கைகொடுக்கும். பொதுப்பணத்தை எதற்குச் செலவிடுவது என்று கூறும் வாய்ப்போ, தங்கள் வாழ்விடத்தைத் தாங்களே சீராக்கும் நம்பிக்கையைத் தருகிறது. வறியவர் உதவி பெறுபவர் மட்டுமல்லர். தம் தேவையை நன்கு அறிந்தவரும் அவரே.